ஓரத்தில் இருந்த கை

எங்கள் வீட்டில் பெரியம்மாவின் சின்ன வயதுப் படம் ஒன்று இருக்கிறது. அம்மாச்சியின் தம்பி அக்ஃபா கிளிக் 3 கேமரா வைத்திருந்தார், அதில் எடுத்தது. ஒரு ரோலுக்கு 12 படம், ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர் சதுரம். நெகட்டிவ் என்ன அளவோ அதே அளவில் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொள்வார்களாம், பெரிதாக்கினால் கூடுதல் காசு. அதனால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தச் சதுரத்துக்குள்ளேயே ஒரு வாசல், திண்ணை, பூப்போட்ட கவுன், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கேமராவைப் பார்த்து மிரளும் ஒரு குழந்தை எல்லாம் அடங்கியிருக்கிறது. எட்டு வாரம் ஒரு குழுவில் சேர்ந்து டிஜிட்டல் ஸ்கிராப்புக்கிங் கற்றுக்கொண்டேன், அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பித்தாலும் இந்தப் படத்தில் வந்து நிற்கிறது. சரி, இதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்கிராப்புக் என்ற பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம், வேலை புதிதில்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் படங்களோடு கிழித்துச் சேர்த்து, வருஷக் கடைசியில் பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனையோ. என் அப்பாவிடம் கிரிக்கெட் வீரர்களின் படங்களைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய நோட்டு ஒன்று இருந்தது. படத்தை ஒட்டுவது, பக்கத்தில் இரண்டு வரி எழுதுவது, ஓரத்தில் ஒரு பூ வரைவது, இவ்வளவுதான் விஷயம். அதையே கத்திரியும் பசையும் இல்லாமல் கம்ப்யூட்டரில் செய்தால் டிஜிட்டல் ஸ்கிராப்புக்கிங். ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 12 அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் வைத்தால் 3600க்கு 3600. பின்னணித் தாள், படம், நூல், பொத்தான், எழுத்து என்று ஒவ்வொன்றும் தனித்தனி லேயர், ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாளை அடுக்கிய மாதிரி.

பள்ளித் தோழி ஒருத்திதான் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டாள். இருபத்துச் சொச்சம் பேர். கோயம்புத்தூரில் இருக்கும் ஓர் அக்கா நடத்துகிறார். வாரம் ஒரு உத்தி, திங்கட்கிழமை காலையில் அறிவிப்பு வரும், ஞாயிறு இரவுக்குள் ஒரு பக்கம் செய்து போட வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. ஒரே ஒரு கட்டாயம் உண்டு: நீங்கள் பக்கம் போட்டால் இன்னும் இரண்டு பேருடைய பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எது பிடித்தது என்று குறிப்பாக ஒன்று சொல்ல வேண்டும், ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். வெறும் ‘சூப்பர்’ செல்லாது. பக்கத்தை வாட்ஸாப்பில் படமாக அனுப்பக் கூடாது, டாக்குமெண்டாகத்தான் அனுப்ப வேண்டும், ஏனென்றால் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், நூலின் இழையும் நிழலின் ஓரமும் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இந்த இரண்டு விதியையும் யோசித்து வைத்ததற்காகவே அந்த அக்காவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

முதல் வாரம் மாஸ்க். படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தாளைப் போட்டு, அதில் கறுப்பு பூசிய இடத்தில் படம் மறையும், வெள்ளை பூசிய இடத்தில் தெரியும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். நான் பயன்படுத்துவது கிம்ப். காசில்லாத மென்பொருள், என் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. பெரியம்மாவின் படத்தைத்தான் எடுத்தேன். முதலில் போனில் படம் பிடித்துப் பார்த்தேன், பளபளப்புத் தாளில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து குழந்தையின் நெற்றி வெளுத்துவிட்டது. அப்புறம் அலுவலகத் தோழரின் ஸ்கேனரைக் கேட்டு வாங்கி வந்தேன். குழுவில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: 6 சென்டிமீட்டரை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 700 பிக்சல்தான் கிடைக்கும், 3600 பிக்சல் பக்கத்தில் அது ஒரு மூலையில் கிடக்கும், 1200 வைத்தால் 2800 தாண்டும். வைத்தேன். கவுனின் பூவுக்கு ஐந்து இதழ் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு கை இருந்தது. முழங்கைக்குக் கீழே மட்டும். கண்ணாடி வளையல் போட்ட கை, குழந்தையின் தோளைப் பிடித்திருக்கிறது. ஆள் சட்டகத்துக்கு வெளியே. யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள், படம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மென்மையான தூரிகையில் கறுப்பை எடுத்து அந்தக் கையை மறைத்துவிட்டு, தோளில் விரல்கள் இருந்த இடத்தைக் கவுன் துணியால் ஒட்டுப்போட்டு, குழந்தை தனியாகத் திண்ணை முன்னால் நிற்கிற மாதிரி செய்து ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவிட்டேன். நிறையப் பேருக்குப் பிடித்திருந்தது. ஈரோட்டு அக்கா ஒருவர் மட்டும் தன் கேள்வியை இப்படிக் கேட்டார்: “இடது தோளில் கவுன் ஏன் அமுங்கியிருக்கு? யாராவது பிடிச்சிருந்தாங்களா?”

துணியில் இருந்த மடிப்பை நான் கவனிக்கவே இல்லை. ஆமாம், ஒரு கை இருந்தது, மறைத்துவிட்டேன் என்றேன். யாருடைய கை என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் நிழல். எல்லோருக்கும் எளிது போலத் தெரிகிற, உண்மையில் அதிக நேரம் பிடிக்கிற உத்தி இதுதான் என்பேன். திரையில் எல்லாமே தட்டை. தாளின்மேல் தாள், தாளின்மேல் பொத்தான் என்று கண் நம்ப வேண்டுமென்றால் நிழல் வேண்டும். மென்பொருளில் ஒரு கட்டளை கொடுத்தால் நிழல் வந்துவிடும், ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே நிழல் வந்தால் எல்லாமே தரையிலிருந்து ஒரே உயரத்தில் மிதக்கும். அக்கா ஒரு வேலை சொன்னார். மேஜையில் வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் ஒரு நூல், ஒரு பொத்தான், ஒரு காய்ந்த வேப்பிலை மூன்றையும் வைத்து, டேபிள் விளக்கை இடது பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா பாருங்கள் என்றார். நூலுக்கு நிழல் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு ஒட்டி இருக்கிறது. பொத்தானுக்குக் கறாரான சின்ன நிழல். வேப்பிலைக்கு ஒரே நிழல் கிடையாது, காம்புப் பக்கம் தாளைத் தொடுவதால் அங்கே அடர்த்தி, நுனி சுருண்டு எழும்பியிருப்பதால் அங்கே நிழல் தள்ளிப்போய் மங்குகிறது.

அதை அப்படியே கம்ப்யூட்டரில் செய்ய, நிழலைத் தனி லேயராகப் பிரித்து வைத்து, நுனிப் பக்கத்து நிழலை மட்டும் மெல்ல இழுத்து, கொஞ்சம் மங்கலாக்க வேண்டும். 300 பிக்சல் ஓர் அங்குலம் என்றால் 10 பிக்சல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும், நூலுக்கு 40 பிக்சல் நிழல் கொடுக்கும் தவறு வராது. நிழலுக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம் என்றும் கற்றுக்கொண்டேன். பழுப்புத் தாளில் அடர் பழுப்பு, நீலத் தாளில் கருநீலம். எல்லா நிழலும் ஒரே பக்கம் விழ வேண்டும், ஏனென்றால் விளக்கு ஒன்றுதான். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0இல் ஒரு வசதி, போட்ட நிழலைப் பிறகு திறந்து மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தவர்கள் நிழல் பிடிக்கவில்லையென்றால் அதை அழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வாரத்தில் எனக்கு ஒரு இழப்பு. மணிக்கணக்கில் செய்த பக்கத்தை ஜேபெக்காக மட்டும் சேமித்துவிட்டு மாற்றங்களைச் சேமிக்கவா என்று கிம்ப் கேட்ட கேள்விக்கு ‘வேண்டாம்’ கொடுத்து மூடிவிட்டேன். ஜேபெக்கில் லேயர் நிற்காது, எல்லாம் ஒரே தாளாக இறுகிவிடும். ஒரு எழுத்துப் பிழை இருந்தது, திருத்த வழியில்லை. கிம்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப்பில் ஒரு பிரதி எப்போதும் இருக்க வேண்டும். இதைப் படிக்கிற யாராவது புதிதாக ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து இதை மட்டும் முதல் நாளே பழக்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது வாரத்து அறிவிப்பு வந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு குதிப்பு. இணையத்திலிருந்து இறக்கிய கிட் (தாளும் அலங்காரமும் சேர்ந்த தயார்த் தொகுப்பு) எதையும் பயன்படுத்தக் கூடாது, தாளையும் அலங்காரத்தையும் உங்கள் வீட்டிலிருந்தே எடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கிற கிட்டுகள் அழகானவைதான், உருவாக்கியவர்கள் உழைப்பைக் கொட்டியிருக்கிறார்கள், நிறைய இலவசமாகவும் தருகிறார்கள் (சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தால் குழுவில் அந்தக் கோப்பைப் பகிரக் கூடாது, இதை எங்கள் அக்கா கறாராகச் சொல்வார்). ஆனால் அதில் பனித்துளியும் மேப்பிள் இலையும் பூசணிக்காயும்தான் அதிகம். எங்கள் திண்ணைக்குப் பக்கத்தில் மேப்பிள் இலையை எங்கே வைப்பது?

நான் அம்மாச்சியின் சுங்குடிப் புடவையை எடுத்தேன். அரக்குச் சிவப்பு. மதுரைச் சுங்குடியில் துணியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள், முடிச்சு அவிழ்த்தால் அந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி நிற்கும். புடவையை இஸ்திரி போட்டு, ஸ்கேனரில் விரித்து, மேலே ஒரு கனமான அகராதியை வைத்து அழுத்தி ஸ்கேன் செய்தேன். ஸ்கேனர் ஏ4 அளவு, எனக்கு வேண்டியது 12 அங்குலம். இரண்டு இரண்டாக நான்கு துண்டு எடுத்து, ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று படியவிட்டு, மாஸ்கில் புள்ளிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து தூரிகை ஓட்டி இணைத்தேன். ஒட்டுப் போட்ட இடம் எனக்கே தெரியவில்லை. கையால் போட்ட முடிச்சு என்பதால் ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது, சில புள்ளிக்கு நடுவில் குட்டியாக ஒரு சிவப்புப் பொட்டு, சில புள்ளி நீள்வட்டம், சிலதில் நூல் நழுவி வால் முளைத்திருக்கிறது. கண்ணுக்குப் பழகிய ஒழுங்கு அதில் இல்லாததால்தான் ஒட்டும் தெரியாமல் போகிறது. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே அம்மாச்சியின் மளிகைக் கணக்கு நோட்டும் கிடைத்தது. து.பருப்பு, ப.மிளகாய் என்று அவருடைய உருண்டை எழுத்து. அந்த எழுத்தைச் சுங்குடித் தாளின்மேல் நேரடியாக எழுதிய மாதிரி வைக்க வேண்டும், நோட்டுத் தாள் தெரியக் கூடாது. இதற்கு மல்டிப்ளை என்ற முறை இருக்கிறது. பெயர்தான் வேலை: மேல் லேயரின் எண்ணையும் கீழ் லேயரின் எண்ணையும் பெருக்குகிறது. வெள்ளை என்றால் 1, கறுப்பு என்றால் 0. எதை 1ஆல் பெருக்கினாலும் அதுவே வரும், அதனால் வெள்ளைத் தாள் காணாமல் போய்விடும். 0ஆல் பெருக்கினால் 0, அதனால் எழுத்து மட்டும் நிற்கும். பழைய நோட்டு மஞ்சளித்திருப்பதால் முதலில் லெவல்ஸ் என்ற வெளிச்சம் திருத்தும் வசதிக்குப் போய்த் தாளை வெளுப்பாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அழுக்குப் படலம் மாதிரி விழும். பள்ளிக்கூடத்தில் படித்த 1ஆல் பெருக்கும் விதி அம்மாச்சியின் கையெழுத்தைப் புடவைக்கு மாற்றித் தந்த அந்த நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

ஐந்தாவது வாரம் நிறம் மங்கிய கலர் படங்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எடுத்த படங்கள் செம்மண் நிறத்துக்குப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் காலத் தாள்கள் பலவற்றில் மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடும், சிவப்பு மிஞ்சிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே லெவல்ஸில் சரிசெய்தால் பாதிக்குமேல் திரும்பி வருகிறது. என்னிடம் அந்த மாதிரிப் படம் குறைவு, அதனால் அந்த வாரம் மற்றவர்கள் செய்ததைத்தான் அதிகம் பார்த்தேன்.

ஆறாவது வாரம் எழுத்து. ஜர்னலிங் என்பார்கள். இந்த வாரம் புதுப் பக்கம் வேண்டாம், முன்பு செய்த ஒன்றை எடுத்து அதில் குறைந்தது ஐம்பது வார்த்தை எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்ததை எழுத வேண்டாம், தெரிந்தவரிடம் கேட்டு எழுதுங்கள் என்றார் அக்கா.

தமிழில் எழுதும்போது சிலருக்குச் சிக்கல் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி ஃபோட்டோஷாப்பில் ‘கொடி’ என்று அடித்தால் கொம்பும் காலும் பிய்த்துக்கொண்டு இடம் மாறி நின்றன. அமைப்பில் எழுத்துப் பகுதிக்குப் போய் இந்திய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது. கிம்பில் இந்தத் தொல்லை இல்லை. ஃபான்ட்டுக்கும் குறைவில்லை, கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரான், மீரா இனிமை, பவனம், முக்தா மலர் எல்லாம் இலவசம். நான் எடுத்தது கவிவனார், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது, கொஞ்சம் சாய்ந்து நிற்கும், கையால் எழுதிய சாயல் உண்டு.

எழுத என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டுமே, பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். படம் ஞாபகம் இருக்கிறதா என்றேன். “இருக்கே. எங்க மாமா எடுத்தது. நான் அழுதுக்கிட்டே நின்னேன்” என்றார். ஓரத்தில் ஒரு கை இருக்கிறதே பெரியம்மா, யார் அது?

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னார். “அது எங்க சின்னம்மா கைடி. நான் ஓடிருவேன்னு பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. மாமா அவங்களையும் உள்ள வரச் சொன்னாரு. அவங்களுக்கு வெட்கம், நான் வரலைன்னு தள்ளி நின்னுக்கிட்டாங்க. கல்யாணமாகி ரெண்டே வருஷத்துல போயிட்டாங்க. அவங்க படம்னு நம்ம வீட்டுல ஒண்ணுகூட இல்ல.”

எனக்கு அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று யோசித்தேன். சின்னம்மாச்சி. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்குத் தெரியாது.

போனை வைத்துவிட்டு முதல் வாரத்துக் கோப்பைத் திறந்தேன். நல்லவேளை, அதை எக்ஸ்சிஎஃப்பில் வைத்திருந்தேன். மாஸ்க் படத்தை அழிப்பதில்லை, மூடி மட்டும் வைக்கிறது. தோளில் போட்ட ஒட்டு லேயரை அணைத்தேன். மாஸ்கைத் தேர்ந்தெடுத்து, வெள்ளையை எடுத்து, இடது ஓரத்தில் மெல்லப் பூசினேன். முதலில் வளையல் வந்தது. நான்கு வளையல். அப்புறம் மணிக்கட்டு, விரல்கள், கட்டைவிரல் குழந்தையின் கழுத்துப் பக்கம் மடங்கியிருப்பது. நகம்கூடத் தெரிந்தது. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொன்ன அந்த முகம் தெரியாத நண்பருக்கு அன்றைக்கே தனியாக நன்றி எழுதினேன்.

பக்கத்தை முழுக்க மாற்றினேன். படத்தை வலது பக்கம் நகர்த்தி, கை முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம் சுங்குடித் தாளை அகலமாக வெறுமையாக விட்டேன், அவர் நின்றிருக்க வேண்டிய இடம் அது. பொத்தான், பூ ஒன்றும் வைக்கவில்லை, படத்துக்கு மட்டும் ஒட்டிய மாதிரி மிகச் சின்ன நிழல். கீழே எழுதினேன்: ‘1973. திண்ணை முன்னால் அழுதுகொண்டு நிற்பது பெரியம்மா. ஓடிவிடாமல் தோளைப் பிடித்திருப்பது அவருடைய சின்னம்மா. படத்துக்குள் வர வெட்கப்பட்டுத் தள்ளி நின்றவர். இந்தக் கை தவிர அவருடைய படம் வேறு எதுவும் வீட்டில் இல்லை.’ அக்கா கேட்ட ஐம்பது வார்த்தை வரவில்லை. யாரும் எண்ணவில்லை. ஈரோட்டு அக்கா மட்டும், அந்த வெற்றிடத்தில் எதையும் வைத்துவிடாதீர்கள் என்று எழுதினார்.

கடைசி வாரம் பிரிண்ட். திரையில் பிரகாசமாக இருப்பது தாளில் மங்கும். முதலில் கொடுத்த இடத்தில் சுங்குடிச் சிவப்பு கருஞ்சிவப்பாக வந்து புள்ளிகள் மட்டும் மிதந்தன. வீட்டுக்கு வந்து திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தால் அங்கேயும் அப்படித்தான் தெரிந்தது. நடுத்தர வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி, 4க்கு 6 அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, 8 அங்குலச் சதுரத்தில் மேட் தாளில் போட்டேன். பெரியம்மாவுக்குக் கூரியரில் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அதே கவர் என்னிடம் திரும்பி வந்தது. பிடிக்கவில்லையோ என்று பதறிப் பிரித்தால், நீல பால்பாயிண்ட் பேனாவால் 1973ஐ அடித்து 1972 என்று திருத்தியிருக்கிறார். நான் வெறுமையாக விட்டிருந்த சுங்குடித் தாளில், கைக்குப் பக்கத்தில், சின்னம்மாச்சியின் பெயர். அதற்குக் கீழே ஒரு வரி: ‘வளையல் பச்சை’. பிரிண்டோடு ஒரு வெள்ளைத் தாளும் வைத்திருந்தார், அதில் இதே மூன்றையும் இன்னொரு முறை எழுதி, ‘சிவப்புல சரியா தெரியல, இத வச்சுக்கோ’ என்று குறிப்பு.

வெள்ளைத் தாளை ஸ்கேன் செய்து, லெவல்ஸ் போட்டு, மல்டிப்ளையில் எல்லா லேயருக்கும் மேலே வைத்தேன். நீல மை சிவப்பில் விழுந்து கறுப்பாகத் தெரிகிறது, படிக்க முடிகிறது. படத்தில் அந்த வளையல்களுக்குப் பச்சை ஏற்றலாமா என்று குழுவில் இரண்டு பேர் கேட்டார்கள். எப்படி ஏற்றுவது என்று இப்போது எனக்குத் தெரியும். ஏற்றவில்லை, பெரியம்மா எழுதியதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.